வாய் என்னுடையது

சியோல்
1978 மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே இன்னும் குளிர் விடவில்லை. நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஓர் உதவி வேண்டும். மே மாதம் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தில் புதிய நாடகம் தொடங்குகிறது, சனி ஞாயிறு இரவுகளில். நான்தான் துணை இயக்குநர். இது நன்றாகப் போனால் இலையுதிர்காலத்தில் எனக்கே எனக்கென்று ஒரு நாடகம் தருவதாகப் பெரிய இயக்குநர் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடம் பிறருக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடியவனுக்கு இது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதையில் பெரிய வீட்டு வேலைக்காரி ஒருத்தி வருகிறாள். பெயர் புன்னே. மோக்போக்காரி. அந்த வேடத்தில் ஹம் சுக்ஹீ என்ற பெண் நடிக்கிறாள். சியோலிலேயே பிறந்தவள். நம் ஊர்ப் பேச்சு அவள் வாயில் நுழையமாட்டேன் என்கிறது. இதோடு ஒரு கேசட் அனுப்புகிறேன். வானொலி பழுதுபார்க்கும் கடையில் பதிவு இயந்திரத்தை இரவல் வாங்கி, அரைமணி நேரம் பேசி அனுப்பு. எதை வேண்டுமானாலும் பேசு. முடிந்தால் யாரையாவது திட்டு. நீ திட்டும்போதுதான் நம் பேச்சு முழுசாக வரும்.

கேசட்டை நிலையத்து முகவரிக்கு அனுப்பாதே, என் அறைக்கு அனுப்பு. அங்கே தபால் தொலைந்துபோகும்.

உன் தம்பி,
இன்தே


மோக்போ
மார்ச் 20

சியோல் துரை இன்தேவுக்கு, உன் அக்கா கும்சிம் எழுதுவது.

மூட்டு அப்படியேதான் இருக்கிறது. காலையில் அது எழுந்திருக்க மறுக்கிறது, நான் இழுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்பதை நான் நம்பவில்லை.

கேசட் முடிந்தது. ஏலக்கூடத்தின் பின்னால் என் சாப்பாட்டுக் கடையில் அந்த இயந்திரத்தை வைத்ததும் மீன்காரிகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். யாரைத் திட்டுவது என்று யோசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஐஸ்காரன் சரியாக அந்த நேரம் வந்தான்.

"ஏய்யா, இது ஐஸ் கட்டியா, நீ வழியெல்லாம் நக்கிக்கிட்டே வந்த மிச்சமா? என் ஆக்டோபஸ் இதுல படுத்தா காலு வெளிய நீட்டிக்கிட்டுல்ல கெடக்கும்!"

"அக்கா, வெயிலு..."

"மார்ச்சு மாசத்துல வெயிலு! ஒனக்கு மட்டும் தனியா ஒரு சூரியன் வெச்சிருக்கியா?"

சிப்பிக்காரி பன்சூன் சிரித்த சிரிப்பும் அதில் பதிவாகியிருக்கும், பொறுத்துக்கொள். ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் போன பிறகும் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவிக்கொண்டே உன்னிடம் ஏதோ சொல்லிவிட்டேன். அது உனக்கு மட்டும். அந்தப் பெண்ணிடம் கொடுக்கும் முன் அதை அழித்துவிடு.

அடுத்த மாதம் அம்மாவின் நினைவுச் சடங்கு. மூன்று வருடமாக மகன் ஊற்ற வேண்டிய மதுவைப் பெரியப்பா மகன் ஊற்றுகிறான். இந்த வருடமாவது வா. வயிற்றைக் காயவிடாதே.

அக்கா


சியோல்
ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

நலமா? உன் கேசட் பொக்கிஷம்! சுக்ஹீ அதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறாள், கேட்டுக்கொண்டே எழுகிறாள். ஒத்திகையில் அவள் வாய் திறந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். "இந்தக் குரல் எங்கேயிருந்து கிடைத்தது?" என்று பெரிய இயக்குநர் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சடங்குக்கு வர முடியாது. அந்த வாரம்தான் முதல் படப்பிடிப்பு. பழமும் உலர்மீனும் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் என் சார்பில் சொல்லிவிடு. மே ஆறாம் தேதி இரவு டி.வி. முன்னால் உட்கார மறந்துவிடாதே.

இன்தே


மோக்போ
மே 29

இன்தேவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீ?

நாடகம் பார்க்கிறோம். சனி ஞாயிறு என் கடையில் நிற்க இடமில்லை. முதல் நாள் அந்தப் புன்னே வாசலில் வந்து, "இது மீனா, செருப்பா?" என்று மீன்காரனைக் கேட்டதும் சிரிப்பில் கடையின் கூரையே பிய்த்துக்கொண்டு போயிற்று. பன்சூன் என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. "அடியே, டி.வி.யில ஒன் வாயி!" என்று கத்தினாள். நானும் குதித்தேன். ஒளிப்பானேன், அன்றிரவு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் நாலு வாரம் பார்த்த பிறகு சில விஷயங்கள் தொண்டையில் முள்ளாக நிற்கின்றன. கதாநாயகன், அந்த டாக்டர் பையன், அவனும் மோக்போவில் பிறந்தவன்தானே? படகோட்டி மகன் என்று அவனே சொல்கிறான். பிறகு ஏன் அவன் சியோல்காரனைப் போலப் பேசுகிறான்? அவனும் புன்னேயும் ஒரே தெருவாம். ஒரே தெருவில் பிறந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் எப்படி ஊர் ஒட்டிக்கொண்டது?

அவன் வந்தால் பியானோ. ஜன்னலிலிருந்து வெளிச்சம் அவன் கன்னத்தில் விழுகிறது. இவள் வந்தால் யாரோ பெரிய குழலை எடுத்துப் பன்றி கத்துவது போல ஊதுகிறார்கள். இவள் சாப்பிடும்போது மட்டும் வாயை அவ்வளவு பக்கத்தில் காட்டுவது எதற்கு? அப்புறம் நம் துறைமுகத்தைக் காட்டும்போதெல்லாம் மழை பெய்கிறது. உங்கள் ஆட்கள் வந்து படம் எடுத்துப்போன அன்று வெயிலில் நான் மீன் காயப்போட்டிருந்தேன்.

சடங்கு நடந்தது. நீ ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு வேலை என்று சொன்னேன். துறைமுகத்தைப் படமெடுக்க ஆள் வந்ததே, அதில் நீ ஏன் வரவில்லை என்றும் கேட்டார்கள்.

அக்கா


சியோல்
ஜூன் 14

அன்புள்ள அக்கா,

மழைக்காலம் வருகிறது, மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நீ எங்கள் நிலையத்தில் விமர்சகராகவே சேரலாம். இதெல்லாம் தொழில் அக்கா. வீட்டில் இருப்பவன் ஒரு கண்ணை டி.வி.யிலும் ஒரு கண்ணைச் சோற்றுக்கிண்ணத்திலும் வைத்திருக்கிறான். ஒரு பாத்திரம் யார் என்று அவனுக்குப் பத்து நொடியில் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் வெளிச்சம், இசை, காமிரா நிற்கும் உயரம், பேச்சு எல்லாம். நம் பேச்சைக் கேட்டதும் பார்ப்பவனுக்குப் புரிந்துவிடும். டாக்டர் அப்படிப் பேசினால் யாரும் அவனிடம் வைத்தியத்துக்குப் போகமாட்டார்கள் என்று கதாசிரியர் வேடிக்கையாகச் சொன்னார்.

மழை என் யோசனைதான். மழையில் துறைமுகம் சோகமாக, அழகாகத் தெரியும். மனதில் வைத்துக்கொள்ளாதே. நாடு முழுக்கப் புன்னேயைக் கொண்டாடுகிறது.

இன்தே


மோக்போ
ஜூலை 18

இன்தே,

நான் நன்றாக இல்லை. மூட்டு காரணமில்லை.

பார்ப்பவனுக்குப் புரிந்துவிடும் என்று எழுதினாயே, என்ன புரிந்துவிடும்? அதை எழுதாமல் அடுத்த வரிக்குத் தாவிவிட்டாய். கடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கே புரிந்துவிட்டது.

புன்னே அந்த வீட்டுக் குழந்தையைத் தூங்கவைக்கிறாள். தலையைத் தடவி, "வயித்தக் காயப்போடாத என் தங்கம். எந்தச் சீமையில இருந்தாலும் நீ என் முதுகுல கெடந்த புள்ள. அத மறந்துறாத" என்கிறாள். குழந்தை தூங்குகிறது. உடனே பின்கட்டு. கதவிடுக்கில் கீழேயிருந்து விளக்கு, அவள் தங்கப்பல் மட்டும் மின்னுகிறது. எஜமான் கையெழுத்துக்குப் பதில் குத்தும் முத்திரையைத் திருடி எதிராளி கையில் கொடுக்கிறாள். அந்தப் பன்றிக் குழல், இந்தமுறை மெதுவாக.

அது நான் பாத்திரம் கழுவிக்கொண்டே உன்னிடம் சொன்னது. ஒரு சொல் மாறவில்லை. அழிக்கச் சொன்னேன். நீ அதை எடுத்து ஒரு திருடியின் வாயில் வைத்தாய். கொஞ்சிக்கொண்டே முதுகில் குத்துகிறவர்கள் நாங்கள் என்று நாட்டுக்குச் சொல்ல உனக்கு என் கொஞ்சல் தேவைப்பட்டிருக்கிறது!

பன்சூன் எழுந்து டி.வி.யை அணைத்தாள். மறுநாள் சியோலிலிருந்து மீன் எடுக்க வந்த லாரிக்காரன் நான் சில்லறை கொடுத்ததும், "எண்ணிப் பாத்துக்கறேன்மா, புன்னே ஊராச்சே" என்று பல்லைக் காட்டினான். கரண்டியால் அடிக்கப் போனேன், தடுத்துவிட்டார்கள். தடுத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம்.

இன்தே, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அம்மா உன்னைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்தாள். பதினோரு வயதில் உன்னை முதுகில் கட்டிக்கொண்டவள் நான், அதனால் கேட்கிற உரிமை எனக்கு உண்டு. எங்களைப் பற்றி உனக்கு வெட்கமா? ஆமாம் அல்லது இல்லை. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

கும்சிம்


மோக்போ
ஆகஸ்ட் 20

இன்தே,

ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக் கேட்டு அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

உனக்கு ஏதும் உடம்புக்கு இல்லையே? அதை மட்டுமாவது எழுது. கேள்வி அப்படியே இருக்கிறது.

அக்கா


சியோல்
செப்டம்பர் 5

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். வாரத்தில் நாலு இரவு நிலையத்திலேயே படுக்கிறேன். உன் மூட்டுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன், ஜப்பானிய மருந்து, நன்றாகக் கேட்கிறதாம். அந்தக் கேசட் விஷயத்தில் கதாசிரியர் முழு நாடாவையும் கேட்டுவிட்டார், என் கையில் இல்லை.

அறுவடைப் பண்டிகை முடிந்ததும் கடைசிக் காட்சிகளை எடுக்க மோக்போ துறைமுகத்துக்கு வருகிறோம். இந்தமுறை நானும் வந்தாக வேண்டும். புன்னே மாட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறாள், ஊரார் அவளை விரட்டுகிறார்கள். கூட்டமும் தள்ளுமுள்ளுமாக இருக்கும். உன் மூட்டோடு நீ படகுத்துறைப் பக்கம் வராதே. வேலை முடிந்ததும் இருட்டின பிறகு நானே கடைக்கு வருகிறேன்.

சுக்ஹீ உன்னைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்கிறாள். வந்தால் ஒரு வார்த்தை பேசி அனுப்பிவிடு. களைப்பாக இருப்பாள், பழைய கதையெல்லாம் வேண்டாம்.

இன்தே


மோக்போ
செப்டம்பர் 27

மதிப்பிற்குரிய துணை இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் திருமேனி நலமா? தங்கள் வீட்டில் வேலை செய்த கிழவி வணக்கத்துடன் எழுதுவது.

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் மதியமே நடிகையம்மா கடைக்கு வந்தார்கள். நல்ல பெண். குனிந்து வணங்கினாள், சோப்புப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். பிறகு சொன்னாள்:

"யாங் இன்தே சார் உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காருங்க. அவங்க சியோல் வீட்ல நீங்க ரொம்ப வருஷம் வேலை பார்த்தீங்களாமே? சின்ன வயசுல அவரைத் தூக்கி வளர்த்தது நீங்கதானாமே?"

சியோல் வீடு! இந்தத் துறைமுகத்துத் தகரக் கொட்டகையைத் தவிர நமக்கு எந்த வீடும் இருந்ததில்லை. கையில் இருந்த கத்தி ஆக்டோபஸில் அப்படியே நின்றது. அடுத்து நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "ஆமாம்மா" என்றேன். "ரொம்ப நல்ல குடும்பம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாக உன்னைக் காப்பாற்றப் போய்விட்டது. அடுப்படியில் நின்ற பன்சூன் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். நடிகையம்மா என் பெயரைக் கேட்கவில்லை. வேலைக்காரிக்குப் பெயர் எதற்கு?

இரவெல்லாம் அந்த 'ஆமாம்மா' என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் படகுத்துறைக்கு வந்தேன். நடந்ததைத் தாங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், தாங்கள் அன்று பெரும்பாலும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பெரிய இயக்குநர் என்னைக் கை காட்டினார். "அந்த அம்மா முகம் பிரமாதமா இருக்கு, முன்னாடி நிறுத்துங்க. ஒரு வரி கொடுங்க." தாங்கள் காகிதத்தோடு வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்:

"நீங்க இங்க நின்னு, 'ஊர் மானத்த வித்தவளே, திரும்பிப் போடி'ன்னு சொன்னா போதும்மா."

நீங்க! பேசக் கற்ற நாளிலிருந்து என்னை 'ஏ அக்கா, நீ' என்று மட்டுமே கூப்பிட்ட வாய். தெரியாத ஊரில் வழி கேட்கிறவன் கொடுக்கிற மரியாதையை எனக்குக் கொடுத்தாய்.

காமிரா ஓடியது. அந்தப் பெண் மூட்டையோடு படகிலிருந்து இறங்கி வந்தாள். நான் அவளைத் தாண்டி, காமிராவுக்குப் பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்துச் சொன்னேன்:

"இவ என்னத்த வித்தா? வித்தவன் அந்தா நிக்கிறான். யாங் இன்தே. என் கூடப்பொறந்த தம்பி. நான் அவன் வீட்டு வேலைக்காரி இல்ல, அவன் அக்கா!"

பெரிய இயக்குநர் திரும்பினார். "என்னப்பா, தம்பிங்கறாங்க?" என்றார். அப்போது நீ சிரித்தாய் இன்தே. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"வளர்த்தவங்க சார். பாசத்துல அப்படித்தான் சொல்வாங்க. வயசாயிடுச்சு."

"அதனாலென்ன, அந்தக் கோபம் நடிச்சா வராது. முகத்தை வெச்சுக்குவோம். குரலை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர்.

இருட்டின பிறகு கடைக்கு வருவதாக எழுதியிருந்தாய். அடுப்பை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். களிம்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் ஐயா. வேலைக்காரிகளுக்கு ஜப்பானிய மருந்து ஒத்துக்கொள்ளாது.

தங்கள் ஊழியக்காரி


சியோல்
அக்டோபர் 8

அக்கா,

ஐயா என்று எழுதாதே. வேண்டுமானால் செருப்பால் அடி.

அன்று இரவு உன் தெருமுனை வரை வந்தேன். கடையில் விளக்கு எரிந்தது. உள்ளே வரத் தைரியம் இல்லை, ரயிலுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். வெட்கம் இல்லை அக்கா, பயம். சியோல் வந்த புதிதில் அறை தேடினேன். வீட்டுக்காரி என்னைப் பிடித்துப்போய்ச் சோறுகூடப் போட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். அறை ஏற்கெனவே போய்விட்டது என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அடுத்த வீட்டில் சியோல் என்றேன், சாவி கிடைத்தது. குடும்பப் பதிவேட்டில் பூர்வீக ஊரைச் சியோலுக்கு மாற்றித்தான் நிலையத்தில் சேர்ந்தேன். கேசட்டைப் போட்டதும் இது யார் குரல் என்று பெரிய இயக்குநர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டு வேலைக்காரி என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன அந்த நிமிடமே நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் சரிசெய்ய என் கையில் இருக்கிறது. வெளியில் எடுக்கும் காட்சிகளுக்குக் குரலைப் பிறகு அரங்கில்தான் சேர்ப்போம். ஆனால் உதட்டசைவோடு ஒத்துப் பார்ப்பதற்காகப் படகுத்துறையிலும் ஒரு நாடா ஓடிக்கொண்டிருந்தது. நீ பேசியது அதில் தெளிவாக இருக்கிறது. நேற்றுத் தனியாக உட்கார்ந்து கேட்டேன். ஒலி சேர்க்கும் வேலை என்னுடையது, பெரிய இயக்குநர் அந்த அறைக்கு வருவதே இல்லை. உன் குரலை அப்படியே விட்டுவிடுகிறேன். என் பெயரோடு, நீ சொன்னது முழுவதும். அதே வாரம்தான் எனக்கு நாடகம் கொடுப்பதா என்று முடிவு செய்கிறார்கள். போனால் போகட்டும். நாடு கேட்கட்டும்.

இருபத்தெட்டாம் தேதி, கடைசிப் பகுதி. பார், அக்கா. அதன் பிறகு நான் ஊருக்கு வருகிறேன், பகலில்.

உன் தம்பி,
இன்தே


மோக்போ
அக்டோபர் 30

இன்தே,

உடம்பை விசாரிக்க மனம் வரவில்லை.

உன் கடிதத்தைப் பன்சூனுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஏலக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஜூலையிலிருந்து நாடகத்தைத் தொடாதவர்கள் எல்லோரும் சனிக்கிழமை வந்தார்கள். ஐஸ்காரன்கூட வந்தான், காசு வாங்காமல் ஒரு முழுக்கட்டி இறக்கினான். நான் தலை வாரிக்கொண்டேன். சிரிக்காதே, நல்ல சட்டை போட்டுக்கொண்டேன்.

படகு வந்தது. மழை இல்லாத நாளில் எடுத்ததற்கும் மழையைச் சேர்த்திருந்தீர்கள். அந்தப் பெண் இறங்கினாள். பிறகு திரை முழுக்க என் முகம். இவ்வளவு பெரிதாக என் முகத்தை நான் பார்த்ததில்லை. வாய் திறந்தது.

"அய்யய்யோ, இவளா! மீனுகூட மூக்கப் பொத்திக்கிச்சே! ஓடுடி, ஓடு ஓடு!"

யாரோ ஒரு சியோல்காரி. நம் பேச்சைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கிளி கத்துவது போல ஒரு குரல். பின்னால் பன்றிக் குழல். என் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, உதடு 'யாங் இன்தே' என்று அசைகிறது, அந்த இடத்தில் சரியாக 'ஓடு ஓடு' பொருந்துகிறது. எவ்வளவு கச்சிதமாக ஒட்டியிருக்கிறாய்! தொழில் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது உனக்கு.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பன்சூன்தான் எழுந்தாள். டி.வி.யைப் பார்த்துக் கத்தினாள்: "வித்தவன் அந்தா நிக்கிறான்!" ஐஸ்காரன் எழுந்தான்: "யாங் இன்தே!" அப்புறம் எல்லோரும். படகுத்துறையில் அன்று நின்றவர்கள், நிற்காதவர்கள், அடுப்படியில் இருந்தவர்கள், வாசலில் எட்டிப் பார்த்தவர்கள். "கூடப்பொறந்த தம்பி! வேலைக்காரி இல்ல, அக்கா!" திரையில் என் முகம் போய் டாக்டர் பையனின் பியானோ வந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் நாடகம் எப்படி முடிந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நீ மாற்றினாயா, மாற்றச் சொன்னார்களா என்று நான் கேட்கப்போவதில்லை. விளக்கி எழுதாதே, நீ நன்றாக விளக்குவாய். இன்றைய செய்தித்தாளில் உன் படம் வந்திருக்கிறது. வசந்தத்தில் தொடங்கும் புதிய நாடகத்தை இயக்குகிறாயாம். 'சியோலைச் சேர்ந்த இளைஞர் யாங் இன்தே' என்று போட்டிருக்கிறது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

பகலில் வருவதாக எழுதியிருந்தாய். வராதே. நான் தடுப்பதால் அல்ல. ரயில் நிலையத்திலிருந்து என் கடை வரை இருக்கிற ஒவ்வொருவருக்கும் இப்போது நான் உனக்கு யார் என்று தெரியும், அவர்களுக்கு உன் சிரிப்பும் தெரியும்.

மோக்போவிலிருந்து,
எந்த வீட்டிலும் ஒரு நாளும் வேலைக்காரியாக இருந்திராத
யாங் கும்சிம்